கறள் தின்ற மொறிஸ் மைனர்: மதிப்பிடுவதும் கழற்றுவதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மொறிஸ் மைனர் கார் ஓடாத ஒழுங்கை இல்லை என்று சொல்லுமளவுக்கு ஒரு காலம் இருந்தது. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. வேறு பல, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கொட்டிலில் விட்டுச் செல்லப்பட்டு, கூரை விழுந்த பின்னும் அங்கேயே நின்று உக்கின. அத்தகைய வண்டியொன்றை மீட்க விரும்புவோர் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை, வண்டியை முதன்முதலில் பார்ப்பதிலிருந்து கடைசிப் பகுதியைக் கழற்றி வைப்பது வரை, இங்கே எழுதியிருக்கிறேன். ஒட்டு வேலையும் (வெல்டிங்) பெயின்ற் வேலையும் இதற்குப் பின்னர் வருபவை. அவை பற்றித் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

கேள்வி: வெளியில் நன்றாகத் தெரியும் மைனர், கீழே மோசமாக இருப்பது ஏன்?

மைனருக்குத் தனியான சேஸி கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இந்தக் காரில், தரைத்தகடும் கதவுகளின் கீழே ஓடும் பெட்டிச்சட்டங்களும் முன்பக்க நெடுஞ்சட்டங்களும் கூரையும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஒரே உடலாக நிற்கின்றன. பாரத்தைத் தாங்குவது அந்த உடல்தான். மறுபுறம், கண்ணுக்கு முதலில் படும் முன், பின் மட்காட்டுகள் நான்கும் ஆணிகளால் (போல்ற்றுகளால்) பூட்டப்பட்டவை. எனவே மட்காட் அழுகியிருந்தால் அது கவலைக்குரிய செய்தியல்ல; மட்காட் பளபளத்துக்கொண்டு பெட்டிச்சட்டம் அழுகியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எமது பகுதியில் கறளுக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, எந்தத் திசையில் நின்றாலும் சில மைல் தொலைவுக்குள் இருக்கும் கடலின் உப்புக் காற்று. மற்றது பலர் கவனியாதது: வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவப் பயன்படும் உவர்க் கிணற்றுத் தண்ணீர். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் அந்த நீர் புகுந்து காய்ந்தால் உப்பு உள்ளேயே தங்குகிறது. கறள் அது உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், அந்தப் பொருத்து வீங்கி, தகடுகள் விரிந்து, இன்னும் கூடுதலான நீருக்கு வழி விடுகிறது. வீங்கிய பொருத்தைக் கண்டால், உள்ளே நல்ல இரும்பு எஞ்சவில்லை என்றே கணக்கிடுங்கள்.

கேள்வி: வாங்கும் முன்னர் எதைக் கொண்டு, எந்த ஒழுங்கில் சோதிப்பது?

ஒரு சிறு சுத்தியல், பழைய திருப்புளி, துணி சுற்றிய காந்தம், ரோர்ச், அளவு நாடா, வெண்கட்டி, கொப்பி ஆகியவை போதும். வண்டியைக் கழுவ வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண் படிந்திருக்கும் விதமும் நீர் வடிந்த கோடும் எங்கே ஈரம் தங்கியது என்பதைக் காட்டும்.

முதலில் கதவுகளைப் பாருங்கள். கதவுக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் உடலின் நடுப்பகுதி தாழ்ந்திருக்கக்கூடும். ஆனால் கதவின் பிணைச்சல் தேய்ந்திருந்தாலும் கதவு சரியும் என்பதால், கதவைப் பாதி திறந்து அதன் பின் ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் குற்றம் பிணைச்சலிலும் இருக்கிறது. பிணைச்சல் இறுக்கமாக இருந்தும் இடைவெளி கோணியிருந்தால் உடலே வளைந்துவிட்டது. அடுத்து, முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ்க்கையின் அடியில் ஜக்கை வைத்து ஒரு மூலையை மட்டும் உயர்த்தி, கதவு முன்போல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் கதவு இறுகினால் பெட்டிச்சட்டம் பெயருக்கு மட்டுமே இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் உள்ள ஜக்குப் பொருத்துகளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அழுகிய மைனரில் முதலில் உடைந்து மேலேறுவது அவையே.

பிறகு கீழே படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே உக்கிய தகடும் பட்டி பூசிய இடமும் மந்தமாகப் பொத்தென்று ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தில் திருப்புளியால் அழுத்துங்கள். விற்பவரின் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை இது. அனுமதி மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையும் கொப்பியில் ஒரு குறையாக எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த இடங்களில் கறள் இருந்தால் உண்மையில் ஆபத்து?

முன் ஆசனங்களின் கீழே, வண்டியின் அகலத்துக்குக் குறுக்காகச் செல்லும் சட்டம்தான் மைனரின் இடுப்பு. முன்சக்கரங்களின் பாரத்தைத் தாங்கும், ரோர்ஷன் பார் என்று கராஜ்களில் சொல்லப்படும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் அங்கேதான் நங்கூரமிட்டிருக்கின்றன. அந்தச் சட்டத்தின் இரு முனைகளும் கதவின் கீழ்ப் பெட்டிச்சட்டங்களைச் சந்திக்கும் மூலைகளில் சேறு தேங்கி முதலில் உக்கும். அடுத்தது, முன்னே எஞ்சினைத் தாங்கும் இரு நெடுஞ்சட்டங்கள். மூன்றாவது, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளின் முன்முனைகள் உடலோடு பூட்டப்படும் தாங்கிகள். பின் ஆசனத்தின் அடியில் இருப்பதால் அவற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த மூன்றில் எது பழுதானாலும் வண்டி வீதியில் ஓடத் தகுதியற்றது.

கதவின் கீழ்ப் பெட்டிச்சட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். வெளியில் தெரியும் தகடு ஒரு மூடிதான். பலம் அதன் பின்னால் உள்ள நிமிர்ந்த உட்தகட்டிலும் மேலே உள்ள படித்தகட்டிலும் இருக்கிறது. உள்ளே அழுகியதை வெட்டி எடுக்காமல் மேலே புதிய தகடு ஒட்டிப் பெயின்ற் அடித்து விற்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எனவே உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டின் ஓரத்தைப் பாருங்கள். வெளியே புதுத் தகடும் உள்ளே கந்தலும் இருந்தால் நீங்கள் அந்த வேலையைத்தான் காண்கிறீர்கள்.

கேள்வி: எந்த நிலையில் "இது மீளாது" என்று முடிவு செய்வது?

ஓட்டைகளை எண்ணி முடிவு செய்ய வேண்டாம். அளவெடுக்க இடம் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மைனரின் தரை முழுவதும் போயிருக்கலாம். ஆனால் குறுக்குச்சட்டமும் ஸ்பிரிங் தாங்கிகளும் கதவுத் தூண்களும் தம் இடத்தில் நின்றால், போனதை அவற்றிலிருந்து அளந்து மீளக் கட்டிவிடலாம். பிரித்தானியாவில் இன்றும் தரைத்தகடு, பெட்டிச்சட்டம், குறுக்குச்சட்டத்தின் மூலைகள் யாவும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 1990களில் மைனருக்கான தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு அந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆகவே தகடு ஒரு தடையன்று. குறுக்குச்சட்டமும், இரு நெடுஞ்சட்டங்களும், பின் தாங்கிகளும், தூண்களின் அடிகளும் ஒருங்கே போய்விட்ட வண்டியில், புதிய தகட்டை எங்கே வைப்பது என்று சொல்லும் பழைய இரும்பு ஒன்றும் இராது. அந்த வண்டியை உதிரிப்பாகங்களுக்காக வைத்துக்கொள்வதே வேறொரு மைனருக்குச் செய்யும் உதவி.

கேள்வி: வாங்கியாயிற்று. முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்றாதீர்கள். முதல் வாரம் அளவெடுப்பதற்கும் படம் எடுப்பதற்கும் உரியது. வண்டி தன் நான்கு சக்கரங்களில், சமதளமான சீமெந்துத் தரையில் நிற்கும்போது, மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை அடிப்பாகத்தின் நிலையான ஆணிகளிலிருந்து தொங்கவிட்டு, அது காட்டும் புள்ளியைத் தரையில் வெண்கட்டியால் குறியுங்கள். பின் ஸ்பிரிங் தாங்கியின் ஆணி இரண்டு, குறுக்குச்சட்டத்தின் முனை இரண்டு, நெடுஞ்சட்டங்களின் முன்முனை இரண்டு ஆகியவற்றைக் குறித்தபின், வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை நாடா பிடியுங்கள். இடமூலையிலிருந்து வலமூலைக்கும் வலமூலையிலிருந்து இடமூலைக்கும் உள்ள நீளங்கள் ஒத்திருக்க வேண்டும். ஐந்தாறு மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. அதைத் திருத்தாமல் புதிய தகடு ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் இரு பக்கமும் 86 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2184 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பதும் ஒரு நல்ல சோதனை.

கதவு இடைவெளிகளை ஒவ்வொரு பக்கமும் நான்கு இடங்களில் அளந்து, அந்த எண்களைக் கதவிலேயே எழுதிவிடுங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள சேஸி இலக்கத் தகட்டையும் எஞ்சின் இலக்கத்தையும் படமெடுத்து, வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், வண்டி ஒரு முழு வண்டியாக நிற்கும்போதே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பெட்டிகளில் கிடக்கும் காருக்கு ஆவணம் திருத்துவது மிகக் கடினம்.

கேள்வி: கதவுகளைக் கழற்றினால் வேலை இலகுவாக இருக்குமே?

இலகுவாக இருக்கும், ஆனால் உங்களிடம் உள்ள மிகச் சிறந்த அளவுகோல் அதோடு போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு இரண்டு கதவு மைனரின் கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரு பக்கப் பெட்டிச்சட்டங்களையும் ஒரே நாளில் வெட்டினேன். குறுக்கே ஒரு தாங்கு கம்பிகூடப் போடவில்லை. புதிய தகடுகளை ஒட்டி முடித்துக் கதவைப் பூட்டப் போனபோது, மேற்புறத்தில் இடைவெளி 9 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. ஒட்டியதை எல்லாம் மீண்டும் வெட்ட வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பம் இரண்டு மழைக்காலம் காத்திருந்த வண்டி அது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

ஆகவே வெட்டும் முன்னர், 25 மில்லிமீற்றர் சதுரக் குழாயால் முன்தூணிலிருந்து நடுத்தூணுக்கு ஒன்றும், மூலைவிட்டமாக ஒன்றும், வலத் தூணிலிருந்து இடத் தூணுக்குக் குறுக்காக ஒன்றும் புள்ளி ஒட்டுப் போட்டு நிறுத்துங்கள். ஒட்டும் இடம் நல்ல இரும்பாக இருக்க வேண்டும். நான்கு கதவு வண்டியில் பின்கதவின் வாய்க்கும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, புதிய தகட்டைப் புள்ளி ஒட்டில் பிடித்தவுடன் கதவை மாட்டி மூடிப் பார்த்து, சரியென்றால் மட்டும் முழு ஒட்டுக்குப் போங்கள்.

கேள்வி: வண்டியை எதன்மேல் நிறுத்தி வைப்பது?

சீமெந்துக் கல்லின்மேல் ஒருபோதும் வேண்டாம். உள்ளே பொள்ளலான அந்தக் கல் எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கும். இரும்பு ஸ்டான்ட் இல்லாதவர்கள் வைரமேறிய பனங்குற்றியை இரு முனையும் மட்டமாக அறுத்துப் பயன்படுத்தலாம். பின்பக்கத்தில் அச்சின் அடியிலும், முன்பக்கத்தில் நல்ல இரும்பு உள்ள இடத்திலும் தாங்கு கொடுங்கள். ஜக்கு தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பிக் கீழே படுக்கக் கூடாது.

கேள்வி: கழற்றும் ஒழுங்கு என்ன?

முதலில் பற்றறி. மைனரில் தொழிற்சாலை அமைப்பின்படி நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் பல வண்டிகளில் அதை மாற்றிவிட்டார்கள். எந்த முனை உடலோடு இருக்கிறதோ அதையே முதலில் கழற்றுங்கள். அடுத்தது பெற்றோல் தாங்கி. அது டிக்கியின் தரையில் மேலிருந்து பல சிறு ஆணிகளால் பூட்டப்பட்டிருக்கும். காலியான தாங்கியில் நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. தாங்கியை வெளியே கொண்டுபோய் வைத்த பின்னரே வெட்டுக்கருவியையோ தீயையோ தொடுங்கள்.

பின்னர் ஆசனங்கள், விரிப்பு, கதவின் உள்மறைப்புகள், விளக்குகள், பம்பர்கள், மட்காட்டுகள், பொனற் என்று வரலாம். கண்ணாடிகளை எடுக்கும்போது பழைய றப்பரை வெட்டிவிடுங்கள். புதிய றப்பர் கிடைக்கும். ஆரம்ப வண்டிகளின் முன்கண்ணாடி நடுவே பிரிந்த இரண்டு தட்டையான துண்டுகள் என்பதால் உடைந்தாலும் கண்ணாடிக் கடையில் வெட்டிக்கொள்ளலாம். 1956 இல் வந்த மைனர் 1000 இன் ஒற்றைக் கண்ணாடி வளைந்தது. அதை இருவர் பிடிக்காமல் எடுக்க வேண்டாம்.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் உக்கிய நெடுஞ்சட்டங்களின்மேல் விட்டுவைப்பதில் பயனில்லை. ஆனால் அவற்றை இறக்கியவுடன் கதவு இடைவெளிகளை மீண்டும் அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பாரம் குறைந்ததும் எண் மாறினால், உடல் எவ்வளவு தளர்ந்துள்ளது என்பதை வண்டி தானே சொல்லிவிட்டது.

கேள்வி: முறுக்குக் கம்பிகளைக் கழற்றுவது ஆபத்து என்கிறார்களே?

ஆபத்துத்தான். கம்பி முறுகிய நிலையில் இருக்கும்போது அதன் பின்முனை ஆணியைக் கழற்றினால் அது கையை முறிக்கும். வண்டியை ஸ்டான்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கையின் அடியில் ஜக்கால் தாங்கி, மேற்பிணைப்பைப் பிரித்த பின்னர், ஜக்கைச் சிறிது சிறிதாக இறக்கி முறுக்கு முழுவதும் தளரும்வரை பொறுத்திருங்கள். வலக் கம்பி வலத்துக்கும் இடக் கம்பி இடத்துக்கும் மட்டுமே உரியது. ஒரு பக்கம் முறுகிப் பழகியதை மறுபக்கம் பூட்டக் கூடாது. அடையாளத்துக்காகக் கம்பியில் உளியால் கீறவும் கூடாது. அந்தக் கீறலிலிருந்து ஒருநாள் கம்பி முறியும். பெயின்றால் குறியிடுங்கள்.

சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே, நெடுஞ்சட்டத்துக்குள் இருக்கும் பிறேக்கின் பிரதான சிலிண்டரையும் இதே வேளையில் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். அதன் ஆணிகளை வெளியே இழுக்க முறுக்குக் கம்பி வழிமறித்து நிற்கும். கம்பி அகன்ற நேரத்தைத் தவறவிட்டால் பின்னர் அதற்காகவே மீண்டும் முழு வேலையும் செய்ய நேரும்.

கேள்வி: இறுகிப்போன நட்டுகளை என்ன செய்வது?

முதலில் சரியான சாவி. 1952 இல் ஏ வரிசை எஞ்சின் வந்த பின்னரான மைனர்களில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுகளே உள்ளன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், யப்பானிய வண்டிகளுக்கு வாங்கிய 13 ஆம் இலக்கச் சாவி அதில் வழுக்கி மூலைகளை உருட்டிவிடும். ஆரம்ப வண்டிகளுக்கு விற்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அளவுச் சாவிகளும் வேண்டியிருக்கும்.

கம்பித் தூரிகையால் இழைகளைத் துப்புரவாக்கி, ஊடுருவும் எண்ணெயை மூன்று நாட்கள் காலை மாலை இட்டு, முதலில் சற்று இறுக்கும் பக்கமாக அசைத்துப் பின் தளர்த்துங்கள். அசையாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்குங்கள். மட்காட்டுகளின் சாதாரண ஆணிகளுக்காக இவ்வளவு நேரம் செலவிட வேண்டாம், வெட்டிவிடலாம். பொறுமை தேவைப்படுவது சஸ்பென்சனிலும், வேறு இடத்தில் கிடைக்காத விசேட ஆணிகளிலும்தான்.

கேள்வி: வயர்களை வெட்டி எடுக்கலாமா?

வேண்டாம். மின்சார வயர்க் கட்டு எவ்வளவு உக்கியிருந்தாலும் அதை முழுமையாக எடுத்தால் புதிய கட்டுக்கு அதுவே மாதிரி. மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறையில் கபிலம் பற்றறியிலிருந்து வரும் மின்சாரம், வெள்ளை சாவி வழியாக வருவது, பச்சை சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது, நீலம் பெரிய விளக்கு, சிவப்பு சிறு விளக்கு, கறுப்பு உடல். ஆனால் அறுபது ஆண்டுகளில் பச்சையும் நீலமும் ஒரே மண்ணிறமாகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் துணித் துண்டு கட்டி, அது எங்கிருந்து கழற்றப்பட்டது என்று எழுதுங்கள்.

கேள்வி: கறளை எடுக்க மணல் வீசலாமா?

கடற்கரை மணலால் ஒருபோதும் வேண்டாம். அந்த உப்பு இரும்பின் துளைகளில் புகுந்து, பெயின்றுக்கு அடியில் மீண்டும் கறளாக எழும். எந்த மணலாக இருந்தாலும் அதன் சிலிக்காத் தூள் நுரையீரலை மீளாதபடி கெடுக்கும். மெல்லிய கதவுத் தகடும் பொனற்றும் வீச்சின் வேகத்தில் நெளிந்தும் போகும். தடித்த அடிச்சட்டங்களை உரிய கருவியும் உரிய தூளும் உள்ள இடத்தில் செய்விக்கலாம். அதற்கு முன்னர் நல்ல தண்ணீரால், உவர் நீரால் அன்று, பலமுறை கழுவி உப்பை வெளியேற்ற வேண்டும். பழைய பெயின்றில் ஈயமும் பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸும் இருக்கக்கூடும். இரண்டையும் நனைத்தே துடையுங்கள். காற்றடித்து ஊத வேண்டாம்.

கேள்வி: கழற்றியவற்றை எப்படி வைப்பது?

ஒரு பகுதிக்கு ஒரு பை, அதற்குள் அதன் ஆணிகள், வெளியில் பெயர், திகதி, படத்தின் இலக்கம். உடைந்ததையும் எறியாதீர்கள், புதியது வந்து பொருந்தும்வரை பழையதே அளவு. பைகளை நிலத்தில் வைத்தால் மாரியில் ஈரம் ஏறும் என்பதால் தட்டில் வையுங்கள். வீட்டார் இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதபடி அவர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். மைனர்கள் பல இவ்விதமாகவே முடிந்திருக்கின்றன.

கேள்வி: போர்க்காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களை எல்லாம் அகற்றத்தான் வேண்டுமா?

1990 இல் வடபகுதிமீது தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் அருகிப்போக, இந்தக் கார்கள் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை மெலிதாக்கியதால், அக்காலத்தில் ஓடிய எஞ்சினின் பேரிங்குகளைத் திறந்து பாராமல் பூட்டக் கூடாது. அடியில் பீப்பாய்த் தகரத்தால் போட்ட ஒட்டுகளை இரக்கமின்றி வெட்டி எடுங்கள். அவை பாரம் தாங்குவதற்குத் தகுந்தவையல்ல, அவற்றின் பின்னால் பழைய அழுகல் அப்படியே இருக்கும்.

ஆனால் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடையே மாற்றுவதற்கு எவரோ பித்தளையில் கடைந்து பூட்டிய சிறு குழாய்ப்பூட்டு எஞ்சின் அறையில் இருந்தால், அதை வேறாகக் கருதுங்கள். அது இருந்த இடத்தை முன்னும் பின்னும் படமெடுத்து, கழற்றி, மண்ணெண்ணெயிலேயே கழுவித் துடைத்து, தனிப் பையில் இட்டு, வண்டியின் இலக்கத்தை எழுதி, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.